கடலை அளந்த ஒலியும் கருவை அளந்த ஒலியும்

பண்டைத் தமிழ் வேந்தர் மூவகை முரசங்களை உடையராயிருந்தனர் என்பது மரபு. வீரமுரசம் படையைக் களத்துக்கு அழைத்தது; நியாயமுரசம் முறை வேண்டினோரை மன்றுக்கு அழைத்தது; தியாகமுரசம் இரவலரைக் கொடைக்கு அழைத்தது. மூன்றுக்கும் தோல் ஒன்று, மரம் ஒன்று, அதிர்வும் ஒன்றே. அழைப்பின் நோக்கம் மாத்திரமே வேறு. ஒலிக்குத் தன்னளவிற் பகையுமில்லை, பரிவுமில்லை என்னும் இவ்வுண்மை 20ஆம் நூற்றாண்டிலே முன்னெப்போதும் காணாத அளவுக்குச் சோதனைக்கு உள்ளாயிற்று. ஒரே தத்துவத்தில் இயங்கும் கருவி, ஒரு கையில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடி அழித்தது. மறு கையில் தாய்வயிற்றுச் சிசுவின் நலத்தை நாடி அறிந்தது. போரிலே தோன்றிய தீமை மருத்துவத்திலே நன்மையாகக் கனிந்தது என்று இவ்வரலாற்றைச் சுருக்கிக் கூறுவர் பலர். அக்கூற்றுக் கேட்க இனிதாயினும் வரலாற்றுக்கு முற்றும் பொருந்தாது என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குத் திருகோணமலை மாவட்டம் மிக ஏற்ற இடமாகும். கிளிவெட்டியின் வயல்களைக் கடந்து வடக்கே செல்வோர் மூதூரையும், மகாவலி கங்கை கலக்கும் கொட்டியாரக் குடாவையும் காண்பர். குடாவின் வடபால் உலகப் புகழ்பெற்ற இயற்கைத் துறைமுகம் அமைந்துள்ளது. கரையை அடுத்தே கடலடி பெரும் பள்ளத்தாக்காய்த் தாழ்ந்து செல்கின்றது. கண்ணுக்குப் புலனாகாத அவ்வாழத்தைப் பண்டு ஈயக்குண்டு கட்டிய கயிறு அளந்து கூறிற்று; இன்று ஒலி அளந்து கூறுகின்றது.

ஒளியும் வானொலி அலைகளும் கடல்நீரிற் சிறிது தூரம் சென்றதும் மங்கி மறையும். ஒலியோ காற்றினும் நீரில் விரைந்து செல்லும், நெடுந்தூரமும் செல்லும். 1826ஆம் ஆண்டிலே கொலடன் என்னும் அறிஞர் சுவிற்சலாந்தின் ஜெனீவா ஏரியில் இதனை அளந்தார். ஏறத்தாழ 13 கிலோமீற்றர் இடைவெளியில் இரண்டு படகுகள் நின்றன. ஒன்றிலே, நீருக்குள் தொங்கிய மணி அடிக்கப்பட்ட அதே கணத்தில் வெடிமருந்து கொளுத்தப்பட்டது. மற்றதில் இருந்தவர், சுடரைக் கண்ட கணம் முதல், நீரில் அமிழ்த்திய நீண்ட குழலின் வழியே மணியொலி செவிக்கு எட்டும்வரை சென்ற காலத்தைக் கணித்தார். அந்நன்னீரில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 1,435 மீற்றர் எனக் கண்டனர். காற்றிலே அஃது ஏறத்தாழ 340 மீற்றரே. கடல்நீரில் ஏறத்தாழ 1,500 மீற்றர் எனக் கொள்ளலாம். கப்பலிலிருந்து கீழே அனுப்பிய ஒலி இரண்டு செக்கனில் எதிரொலியாய் மீளுமாயின், அது போகவும் வரவும் 3,000 மீற்றர் கடந்தது. ஆகவே கடலின் ஆழம் 1,500 மீற்றர். ஆழம் அளக்கும் கருவியும், நீர்மூழ்கியைத் தேடும் கருவியும், கருப்பையைக் காட்டும் கருவியும் இவ்வொரு கணக்கின் மேலேயே நிற்கின்றன.

நீருக்குள்ளும் ஒலி வாழ்கின்றது என்பது கிழக்கிலங்கை மக்களுக்குப் புதிய செய்தியன்று. மட்டக்களப்பு வாவியிலே நிலவுக்காலத்தில் எழும் இன்னொலியை மீன்கள் பாடுவதாகப் பரம்பரையாகக் கூறி வந்தனர். 1848இல் அங்கு சென்ற எமர்சன் ரெனன்ற், மீனவரோடு தோணியில் ஏறி அவ்வொலியைக் கேட்டார். தோணியின் மரத்திற் காதை வைத்தபோது ஒலி மிகுந்து கேட்டதை எழுதியும் வைத்தார். நீரின் அதிர்வை மரம் வாங்கிச் செவிக்குக் கொடுத்தது. காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானப் பட்டமும் தமிழ்ப் புலமையும் ஒருங்கே பெற்று, திருகோணமலை இந்துக் கல்லூரியின் வளர்ச்சிக்கும் உழைத்த சுவாமி விபுலாநந்தர், 1947இல் வெளிவந்த தமது யாழ் நூலிலே இவ்வாவியின் இசையை நீரரமகளிரின் பாடலாகப் போற்றினார். அந்நூலிலேயே பழந்தமிழிசையின் சுரங்களைக் கணித முறையால் ஆராய்ந்தும் காட்டினார். நீரின் இசையிலே மனம் ஈடுபடுவதும், அதன் அதிர்வை எண்ணிக் கணிப்பதும் ஒருவரிடத்தே கூடி நிற்கக்கூடியவை என்பதற்கு அவரே சான்றாவார்.

இனி, கேட்டல் தேடலாக மாறிய வரலாற்றைக் காண்போம். 1880இலே பிரான்சு நாட்டிற் சாக் கியூரி, பியர் கியூரி என்னும் சகோதரர் இருவர், சிலவகைப் படிகக்கற்களை அமுக்கினால் அவற்றின் பக்கங்களில் மின்னேற்றம் தோன்றுகின்றது எனக் கண்டனர். மறுதலையாக, அக்கற்களுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அவை சுருங்கி விரியும் என்பதும் அடுத்த ஆண்டிலே நிறுவப்பட்டது. மாறிமாறி விரைந்து மின்னழுத்தம் கொடுத்தாற் கல் அதிரும். அதிரும் கல் ஒலியை எழுப்பும். மீண்டுவரும் ஒலி அதே கல்லை அமுக்க, கல் மீண்டும் மின்னைத் தரும். ஒரு கல்லே வாயும் செவியும் ஆயிற்று. எனினும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வுண்மைக்குப் பெரும் பயன் எதுவும் வாய்க்கவில்லை.

1912 ஏப்பிரலில் ரைற்றானிக் என்னும் பெருங்கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கிற்று. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். அவ்வாண்டிலேயே லூயிஸ் ரிச்சட்சன் என்னும் ஆங்கில அறிஞர், எதிரொலியால் முன்னிற்கும் தடைகளை அறியும் முறைக்கு உரிமை கோரி விண்ணப்பித்தார். 1914 ஏப்பிரலில் பெசண்டன் என்பார் தாம் அமைத்த ஒலிக்கருவியால் ஏறத்தாழ இரண்டு மைலுக்கு அப்பாலிருந்த பனிப்பாறையின் எதிரொலியைப் பெற்றார். இக்கருவியின் பிறப்புப் போரில் நிகழ்ந்ததன்று என்பதை ஈண்டு நினைவிற் கொள்ள வேண்டும். நீரில் அமிழ்ந்து இறந்தோரின் பொருட்டு, இனி அமிழ்வோர் இல்லையாகுக என்னும் எண்ணத்திலேயே அது பிறந்தது.

ஆயினும் சில மாதங்களிலேயே முதலாம் உலகப் போர் மூண்டது. செருமனியின் நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களை மூழ்கடித்தன. பனிப்பாறையைத் தேடப் பிறந்த சிந்தனை நீர்மூழ்கியைத் தேடலாயிற்று. 1915இல் சிலொவ்ஸ்கி என்னும் உருசிய எந்திரவியலாளரோடு கூடி முயன்ற பிரெஞ்சு அறிஞர் போல் லாஞ்செவின், இரு உருக்குத் தகடுகளுக்கிடையே படிகக்கல்லை வைத்து, செக்கனுக்கு ஏறத்தாழ 40,000 முறை அதிரும் ஒலியை எழுப்பினார். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையே உணரும். அதற்கு மேற்பட்டதைக் கழியொலி என்பர். 1918 அளவில் அவர் நீர்மூழ்கியின் எதிரொலியைத் தெளிவாகப் பெற்றார். அச்சோதனைகளின்போது ஒலிக்கற்றையின் வழியிற்பட்ட சிறு மீன்கள் இறந்தன. நீரிற் கையை வைத்தோர் வலியை உணர்ந்தனர். தேடுவதற்கு அனுப்பிய ஒலி, போதிய வலிமை பெற்றால் உயிர்த்தசையைத் தாக்கவும் வல்லது என்பது அன்றே வெளிப்பட்டது. இதனை வூட், லூமிஸ் என்னும் அமெரிக்கர் இருவர் 1927இல் முறையாக ஆராய்ந்து வெளியிட்டனர்.

இரு போர்களுக்கும் இடைப்பட்ட அமைதிக்காலத்தில் நம்மவர் பங்கும் இத்துறையிற் சேர்ந்தது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன், மிருதங்கத்தின் ஓசை இனிமைக்குக் காரணம் யாதென ஆராய்ந்து 1920 அளவிலேயே எழுதியவர். 1935, 1936 ஆகிய ஆண்டுகளில் அவரும் நாகேந்திர நாத்தும் பெங்களூரிலிருந்து வெளியிட்ட கட்டுரைகள், கழியொலி ஊடுருவும் திரவத்தின் வழியே ஒளி செல்லுங்கால் அது பல கற்றைகளாகப் பிரியும் காரணத்தை விளக்கின. ஒலியலை திரவத்தை நெருக்கியும் நெகிழ்த்தியும் வரிவரியாக அமைக்க, அவ்வரிகள் ஒளிக்கு நுண்ணிய கம்பிவேலி போன்று நிற்கின்றன என்க. செவிக்கு எட்டாத ஒலியைக் கண்ணாற் காணும் வழி இதனால் தெளிவடைந்தது. இவ்விளக்கம் இன்றும் இராமன்–நாத் கொள்கை எனவே வழங்குகின்றது.

இரண்டாம் உலகப் போரில் இவ்வொலியின் களங்களுள் ஒன்றாகத் திருகோணமலை அமைந்தது. பிரித்தானியர் தமது தேடுகருவியை அஸ்டிக் என்றனர். அமெரிக்கர் சோனார் என்றனர். 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் விமானந்தாங்கிக் கப்பலான ஹேமிஸ் மூழ்கிற்று. ஹொலிஹொக் என்னும் சிறு காவற்கப்பலும் மூழ்கிற்று. நீர்மூழ்கிகளை எதிர்த்துக் காப்பதற்கென்றே கட்டப்பட்ட கப்பல் அது. நீருக்குள் கேட்கும் செவி, வானிலிருந்து வரும் அழிவைக் கேட்கமாட்டாது என்பதை அந்நாள் உணர்த்திற்று.

பின்னர்த் துறைமுகத்தின் தொழில் தலைகீழாயிற்று. தேடப்படும் நீர்மூழ்கிகளே இங்கிருந்து புறப்பட்டன. பிரித்தானியரின் நான்காவது நீர்மூழ்கிப் படைப்பிரிவு அடமன்ற் என்னும் தாய்க்கப்பலோடு திருகோணமலையில் தங்கி, மலாக்கா நீரிணையில் யப்பானியக் கப்பல்களை வேட்டையாடிற்று. 1944 சனவரி 11ஆம் நாள் ராலிஹோ என்னும் நீர்மூழ்கி, பினாங்குக்கு அருகே கூமா என்னும் யப்பானியக் குரூசர் கப்பலை மூழ்கடித்தது. நீர்மூழ்கிகளை எதிர்க்கும் பயிற்சிக்கென வந்த வேளையிலேயே அக்கப்பல் நீர்மூழ்கியால் மாண்டது. மறுபுறத்தில், 1944 பெப்ருவரி இறுதியில் திருகோணமலையை விட்டுச் சென்ற ஸ்ரோன்ஹெஞ்ச் என்னும் நீர்மூழ்கி திரும்பவேயில்லை. அதிலிருந்தோர் எவரும் மீண்டிலர். அவ்வாண்டு நவம்பரில் ஸ்ரற்றஜெம் என்னும் மற்றொன்று, யப்பானிய வேட்டைக்கப்பல் ஒன்றின் ஆழ்வெடிகளால் மலாக்கா நீரிணையில் அழிந்தது. இரு தரப்பாரும் ஒரே பௌதிக விதியைக் கொண்டே ஒருவரையொருவர் தேடினர்.

ஒலி எப்போதும் நேர்வழியே செல்வதுமில்லை. மேல்நீர் வெயிலாற் சூடேற, கீழ்நீர் குளிர்ந்திருப்பின் ஒலிக்கற்றை கீழ்நோக்கி வளையும். ஆற்று நன்னீர் உப்புநீரோடு கலக்கும் இடங்களிலும் அதன் வேகம் மாறும். இத்தகைய நீரடுக்குகளின் கீழே நீர்மூழ்கிகள் ஒளிந்துகொண்டன. வெப்பக் கடல்களின் ஆழமற்ற பாறைத்திட்டுகளில் வாழும் சிறிய இறால் இனம் ஒன்று கொடுக்கைச் சொடுக்கி எழுப்பும் இடையறாத வெடியொலியும் போர்க்காலத்திற் கேட்போரை மயக்கிற்று. எதிரொலியைப் பெறுதல் எளிது. அதன் பொருளை உணர்தல் அரிது. இவ்வுண்மை மருத்துவருக்கும் பின்னர்ப் பாடமாயிற்று.

மருத்துவர் செவி போரினும் பழையது. ஒஸ்திரியாவின் அவன்புறுகர், சாராயப் பீப்பாவைத் தட்டி அதிலுள்ள அளவை அறியும் வழக்கத்தைத் தம் தந்தையின் விடுதியிற் கண்டவர். நோயாளியின் மார்பைத் தட்டி நோயறியும் முறையை 1761இல் நூலாக்கினார். 1816இல் லெனெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர் செவிக்குழலை அமைத்தார். 1895இல் பினார் அமைத்த ஊதுகொம்பு வடிவக் குழலைத் தாயின் வயிற்றில் வைத்துச் சிசுவின் இதயத்துடிப்பைக் கேட்கும் வழக்கம் மருத்துவிச்சிகளிடையே உலகெங்கும் பரவிற்று. எனினும் இவையெல்லாம் உடல் தானே எழுப்பும் ஒலியை, அல்லது விரல் தட்டிய ஒலியைக் கேட்டனவேயன்றி, உள்ளே ஒலியை அனுப்பி உருவத்தைக் காட்டினவல்ல.

அதற்கு முயன்றோருள் முதல்வர் ஒஸ்திரியாவின் டுசிக். 1940களில் அவர் தலையினூடே கழியொலியைச் செலுத்தி மூளையின் படம் எனச் சில காட்டினார். அவற்றுட் பெரும்பாலானவை மண்டையோடு விளைத்த மயக்கமே எனப் பின்னர் அறியப்பட்டது. கடலில் நீரடுக்குச் செய்த வஞ்சத்தை இங்கே எலும்பு செய்தது. அமெரிக்காவின் டென்வர் நகரில் ஹவுறி என்னும் மருத்துவர், போரின்பின் கழிவாக விற்ற கடற்படைக் கருவிகளை வாங்கினார். 1950களின் தொடக்கத்தில் பீ-29 குண்டுவீச்சு விமானத்தின் துப்பாக்கிச் சுழல்மேடைப் பகுதியை நீர்த்தொட்டியாக்கி, அதில் நோயாளியை அமர்த்திச் சுற்றிலும் ஒலிக்கருவியைச் சுழலச் செய்து உடலின் வெட்டுமுகத்தை வரைந்தார். சுவீடனிலே எட்லர் என்னும் இதய மருத்துவரும் ஹேட்ஸ் என்னும் பௌதிக அறிஞரும், கப்பல் கட்டும் நிலையம் ஒன்றில் உலோகத்தின் உட்பிளவைக் காண வைத்திருந்த கருவியை இரவல் வாங்கிச் சோதித்தனர். 1953 ஒக்தோபரில் துடிக்கும் இதயச்சுவரின் எதிரொலியைப் பதிவு செய்தனர்.

கருப்பையை எட்டிய பெருமை கிளாஸ்கோ நகரின் பேராசிரியர் இயன் டொனால்டுக்கு உரியது. போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படையிற் பணிபுரிந்தவர் அவர். 1955 சூலையில், வெட்டியெடுத்த கட்டிகளை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு கொதிகலன் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்குச் சென்றார். அங்கே உலோகப் பிளவு காணும் கருவியால் நீர்க்கட்டியையும் திண்ணிய தசைக்கட்டியையும் வேறுபடுத்திக் காண முடிந்தது. பின்னர், வயிற்றிலே தீராப் புற்றுநோய் எனக் கைவிடப்பட்ட பெண்ணொருத்திக்கு உள்ளது பெரிய சூலக நீர்க்கட்டியே என அவ்வெதிரொலி காட்டிற்று. அறுவையால் அவள் உயிர் பிழைத்தாள். மக்விக்கர் என்னும் மருத்துவரோடும் ரொம் பிறவுண் என்னும் இளம் எந்திரவியலாளரோடும் கூடி, 1958 சூன் 7ஆம் நாள் லான்செற் இதழில் டொனால்ட் வெளியிட்ட கட்டுரையே இத்துறைக்கு அடித்தளமாயிற்று. அப்பொறியாளர் பணிபுரிந்த கெல்வின் ஹியூஸ் நிறுவனம் கப்பல்களுக்கு எதிரொலி ஆழமானிகளைச் செய்து வந்ததாகும்.

இங்கு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். போர் முடிந்ததனாற் கருவி தானாக வைத்தியசாலைக்கு நடந்து செல்லவில்லை. கழித்த பொருளை வாங்கியவரும், கப்பல் கட்டும் இடத்தில் இரவல் கேட்டவரும், கட்டியைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலைக்குச் சென்றவருமே அதனைக் கொண்டு சேர்த்தனர். மாற்றமும் வேண்டியிருந்தது. அஸ்டிக் கருவியின் ஒலி ஏறத்தாழ 15,000 அதிர்வுடையது. கடலில் அதன் அலைநீளம் ஏறத்தாழ 10 சதமமீற்றர். அத்துணை நீண்ட அலை நெடுந்தூரம் செல்லும். ஆனால் சிசுவின் விரலை அதனாற் காண இயலாது. செக்கனுக்கு 30 இலட்சம் அதிர்வுடைய ஒலிக்கு உடலில் அலைநீளம் அரை மில்லிமீற்றரே. அது நுண்மையைக் காட்டும், ஆயினும் விரைவில் தேய்ந்துபோம். கடலுக்குத் தூரம் வேண்டும். கருப்பைக்கு நுண்மை வேண்டும். தசையில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 1,540 மீற்றராகி, கடல்நீரின் வேகத்தை ஏறக்குறைய ஒத்திருத்தல் இயற்கையின் ஒற்றுமையாகும். நம் உடலிற் பெரும்பகுதி நீரேயன்றோ! ஸ்கான் செய்யுமுன் வயிற்றிற் பூசும் வழவழப்பான களி, கருவிக்கும் தோலுக்கும் இடையேயுள்ள காற்றை அகற்றி ஒலியை உள்ளே செலுத்தும் பொருட்டேயாம்.

மீன்களைக் கொன்ற வலிய ஒலியும் மருந்தாயிற்று. டோர்னியர் என்னும் செருமானிய விமானக் கம்பனியார், மிகுவேக விமானத்தின்மீது மழைத்துளி மோதுங்கால் உண்டாகும் அதிர்ச்சியலைகளை ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சியினின்று தோன்றிய கருவியால், 1980 பெப்ருவரியில் மியூனிக் நகரில் நோயாளி ஒருவரின் சிறுநீரகக் கல் கத்தியின்றி உடைக்கப்பட்டது.

இவ்விடத்தில் வரலாற்றை முடித்துக்கொண்டால் ‘வாள் கொழுமுனையாயிற்று’ என்று மகிழ்ந்து எழுந்துவிடலாம். ஆனால் வரலாறு இங்கு முடியவில்லை. சிசுவைக் காட்டிய ஒலி, சிசு ஆணோ பெண்ணோ என்பதையும் காட்டிற்று. இந்தியாவிலே பெண்மகவை விரும்பாதார் சிலர் அவ்விடையைக் கேட்டுப் பெண்சிசுக்களைக் கருவிலேயே அழிப்பித்தனர். ஆறு வயதுக்கு உட்பட்டோரில் 1,000 ஆண்மக்களுக்கு 1981இல் 962 பெண்மக்கள் இருந்தனர். 1991இல் அத்தொகை 945 ஆகவும், 2001இல் 927 ஆகவும் இழிந்தது. தமிழ்நாட்டின் சேலம், மதுரைப் பகுதிகளில் பிறந்தபின் பெண்மகவைக் கொல்லும் கொடுமை முன்னரே இருந்ததாதலின், பழிக்குக் காரணம் கருவி என்று கூறல் பொருந்தாது. கருவி அப்பழியை எளிதும் மறைவும் ஆக்கிற்று. இந்திய அரசு 1994இல் இதனைத் தடுக்கும் சட்டத்தை இயற்றி 1996இல் நடைமுறைப்படுத்திற்று. அதன்படி ஸ்கான் நிலையம் பதிவு பெறல் வேண்டும்; சிசுவின் பாலைக் கூறும் மருத்துவர் தண்டனைக்கு உரியவர். நீர்மூழ்கியைத் தேடிய கருவியால் மாண்டோரை நாம் போர்வரலாற்றில் எண்ணுகின்றோம். மருத்துவர் மேசையிலிருந்த கருவியின் விடையால் பிறவாது போன பெண்மக்களுக்கு நினைவுத்தூண் எங்குமில்லை.

திருகோணமலைக் கடலும் இதற்கொப்பான ஒன்றைக் கூறும். 1957 ஒக்தோபரில் பிரித்தானியக் கடற்படை தன் தளத்தை இலங்கைக்குக் கையளித்தது. 1980களின் தொடக்கத்தில் ரியூலிப் என்னும் சிறு பாய்க்கலத்தில் வந்த ஆய்வாளர், இதே கடலில் நீரொலிவாங்கியை இறக்கித் திமிங்கிலங்களின் ஒலியைக் கேட்டனர். ஆழ்கடலில் இரை தேடும் எண்ணெய்த் திமிங்கிலம் ‘டிக், டிக்’ என ஒலியை அனுப்பி எதிரொலியால் வழியறிவது; லாஞ்செவினுக்குப் பன்னெடுங்காலம் முன்னரே அவ்வித்தை அதற்குக் கைவந்தது. நீர்மூழ்கியின் ஓசையைப் பகைவர் கேட்ட வகையாலேயே இவர்கள் அவ்வுயிர்களை இரவும் பகலும் பின்தொடர்ந்தனர், கொல்லுதற்கன்று, அறிதற்கே. பின்னர் மூண்ட உள்நாட்டுப் போர் அக்கடலை ஆய்வாளருக்கு அடைத்தது. 2009இல் அது முடியும்வரை இம்மாவட்டத்து ஊர்கள் வேறுவகை ஒலிகளையே கேட்டிருந்தன. உலகின் பிறிதோரிடத்தில், 2000 மார்ச்சில், பகாமாத் தீவுகளின் கரையில் 17 கடற்பாலூட்டிகள் ஒதுங்கின. கடற்படைப் பயிற்சியில் எழுந்த சோனார் ஒலியே அதற்குக் காரணமாகலாம் என அமெரிக்கக் கடற்படையும் பங்குகொண்ட விசாரணை கண்டது. செவியால் வாழும் உயிருக்குப் பேரொலி படைக்கலமே. எனினும் கருப்பைக்குச் சட்டம் காவலாய் நிற்பது போலப் போர்க்கப்பலின் ஒலியை வரையறுக்கும் பொதுச்சட்டம் உலகக் கடல்களுக்கு இல்லை.

ஆதலின், ஒலிச்சத்தியின் வரலாறு தீமையினின்று நன்மைக்கு ஏறிய படிக்கட்டன்று. காக்கும் எண்ணத்திற் பிறந்து, போருக்குச் சென்று, மருத்துவத்துக்கு வந்து, அங்கும் கொலைக்குத் துணைபோய், மீண்டும் அறிவுக்குப் பணிபுரியும் கருவி இது. எதிரொலி உள்ளதை உள்ளவாறு கூறும். கூறக் கேட்டபின் செய்யத்தக்கது யாதென அது கூறாது. படிகக்கல்லின் இயல்பை மாணவருக்குக் கற்பிக்கும் பௌதிக வகுப்பிலேயே இவ்வரலாறும் கற்பிக்கப்படுதல் வேண்டும். அக்கல்லை நாளை கையிற் கொள்வோர் கப்பலிலும் இருப்பர், வைத்தியசாலையிலும் இருப்பர். எந்த மேசையில் அமர்ந்தாலும், தாம் அனுப்பும் ஒலி எவ்வுயிரைச் சென்று தொடுகின்றது என அவர் முதலிற் கேட்பாராக.